கொஞ்சம் நடந்து காட்டுங்கம்மா

பௌர்ணமி ராத்திரி கிரிவலப் பாதை ஓரமா உட்கார்ந்து, டீ குடிச்சிக்கிட்டே, போறவங்க காலை மட்டும் பார்த்திருக்கீங்களா? நான் பார்த்திருக்கேன். மொத்தம் 14 கிலோமீட்டர், பெரும்பாலும் வெறுங்கால். ஒருத்தர் குதிகாலை அழுத்தி வைப்பார். ஒருத்தர் பாதத்தை அகட்டி அகட்டி வைப்பார். இன்னொருத்தர் மூட்டுவலியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து போவார். கூட்டத்தில் முகம் தெரியாவிட்டாலும் "அதோ நம்ம சித்தப்பா" என்று நடையை வைத்தே சொல்லிவிடலாம்.

ஆனால் "சித்தப்பா நடை எப்படி இருக்கும், சொல்லு" என்று கேட்டால்? வாய் அடைத்துவிடும். பார்த்தால் தெரிகிறது, சொல்ல வரவில்லை. இந்த ஒரு சிக்கலோடு டாக்டர்கள் 150 வருஷமாக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் வீட்டில் ரெண்டு வருஷம் மல்லுக்கட்டினோம். ரெண்டு கதையையும் சேர்த்து எழுதுவதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்தருள்க.

அக்கா கதை

பெரியம்மா பொண்ணு. 2003ல் கல்யாணமாகி கீழ்பென்னாத்தூர் போனது. திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி போகிற ரோட்டில் இருக்கிற ஊர். மொட்டை மாடி ஏறினால் மலை தெரியும். கார்த்திகைக்கு தீபம் பார்க்க நாங்கள் அங்கே போய்விடுவோம்.

2010 கோடையில் அக்காவுக்கு வலது கால் இழுக்க ஆரம்பித்தது. காலையில் நல்லா இருக்கும். பகல் ரெண்டு மணிக்கு ரேஷன் கடைக்குப் போய்த் திரும்பினால் கால் பின்ன ஆரம்பிக்கும். "காலு மெழுகு மாதிரி ஆயிடுதுடா தம்பி" என்று சொல்லும். செருப்பு காலை விட்டுக் கழன்று போனதுகூடத் தெரியாமல் பத்தடி தாண்டி வந்து நிற்கும். 

டாக்டரிடம் கூட்டிப்போனோம். ஏசி ரூம். அரை மணி நேரம் வெளியே ஃபேனடியில் உட்கார்ந்து காற்று வாங்கிவிட்டு உள்ளே போயாச்சு. "கொஞ்சம் நடந்து காட்டுங்கம்மா" என்றார். மேஜையிலிருந்து கதவு வரை ஆறு எட்டு. நல்லாவே நடந்தது! "ஒண்ணுமில்லம்மா, சத்து மாத்திரை எழுதறேன்." அடுத்த ஆஸ்பத்திரி, அதே கதை. மூன்றாவது இடத்தில் மாமாவைத் தனியாகக் கூப்பிட்டு, "வீட்டுல ஏதாவது பிரச்சினையா? இது மனசு சம்பந்தப்பட்டது" என்றார்கள். மாமியார் அதற்கு முன்னாடியே தீர்ப்பு சொல்லியாச்சு: "வேலை செய்ய வணங்கல, நடிக்கிறா."

டாக்டர்களை இங்கே குறை சொல்ல வரவில்லை. அவர்கள் பார்த்தது ஆறு எட்டுதான். அந்த ஆறு எட்டில் நோய் இல்லை. அது ரெண்டு மணி வெயிலில், ரேஷன் கடையிலிருந்து திரும்பும் வழியில் இருந்தது. 

நோயும் வெயிலும்

நோயின் பெயர் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், சுருக்கமாக எம்.எஸ். மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்புகளைச் சுற்றி மயலின் என்று ஓர் உறை இருக்கிறது. கரண்டு ஒயர் மேல் இருக்கிற பிளாஸ்டிக் மாதிரி. உடம்பின் எதிர்ப்பு சக்தியே வழி தவறி அந்த உறையைத் தாக்கி அங்கங்கே உரித்துவிடுகிறது. உரிந்த இடத்தில் சேதி தடுமாறும். எங்கே உரிந்தது என்பதைப் பொறுத்துக் கண் மங்கும், கை மரத்துப்போகும், கால் இழுக்கும். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம் வரும், அதுவும் 20லிருந்து 40 வயதுக்குள்.

இதில் வெயில் எங்கே வந்தது? உறை உரிந்த நரம்பு, உடம்புச் சூடு அரை டிகிரி ஏறினாலே சேதியைத் தவறவிடும். உடம்பு குளிர்ந்தால் பழையபடி சரியாகிவிடும். 1890ல் வில்ஹெல்ம் ஊட்ஹாஃப் என்கிற ஜெர்மன் கண் மருத்துவர், உடம்பை வருத்தி வேலை செய்தால் சில எம்.எஸ். நோயாளிகளுக்குப் பார்வை மங்கி, ஓய்வெடுத்தால் திரும்புவதைக் கவனித்து எழுதினார். சூடுதான் காரணம் என்று பிற்பாடு புரிந்தது. ஸ்கேன் வராத காலத்தில், சந்தேகப்பட்டவரை வெந்நீர்த் தொட்டியில் உட்காரவைத்து அறிகுறி தலைகாட்டுகிறதா என்று பார்ப்பதே ஒரு பரிசோதனையாக இருந்தது. 

அக்னி நட்சத்திரத்தில் எங்கள் ஊர்ப்பக்கம் முழுக்க வெந்நீர்த் தொட்டிதானே! ஏசி ரூமில் உட்கார்ந்து தேடினால் எப்படிக் கிடைக்கும்?

இன்னொரு காரணமும் உண்டு. எம்.எஸ். என்பது குளிர்நாட்டு வெள்ளைக்காரர் நோய், நம்ம ஊரில் வராது என்று ரொம்ப காலம் நம்பினார்கள். 1971ல் வேலூர் சி.எம்.சி. டாக்டர்கள் இந்தியாவில் இந்த மயலின் உரியும் நோய்கள் எந்த அளவில், எந்த விதத்தில் வருகின்றன என்று கட்டுரை எழுதினார்கள். 1975ல் பம்பாயில் சிங்காலும் வாடியாவும் அந்தப் பகுதி நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். 1985ல் மும்பையில் இந்திய எம்.எஸ். சொசைட்டி ஆரம்பமானது. எம்.ஆர்.ஐ. ஸ்கேன் பரவிய பிறகுதான் 'அடடே, இங்கேயும் இருக்கிறதே' என்று நிறைய பேருக்குப் புரிந்தது. வேலூர் எங்கள் மாவட்டத்தை ஒட்டித்தான் இருக்கிறது. 1989 வரை எல்லாம் ஒரே வட ஆற்காடு மாவட்டம். ஆனாலும் அந்தச் சேதி கீழ்பென்னாத்தூர் வந்து சேர இத்தனை வருஷம்.

கேமராவுக்கு முன்னால்

எம்.எஸ். நோயாளி ஒருவரின் நடை முதன்முதலில் விவரமாகப் பதிவானது கேமராவில் இல்லை, டைரியில். அகஸ்டஸ் டெஸ்டே, இங்கிலாந்து ராஜா மூன்றாம் ஜார்ஜின் பேரன். 1822ல் கண் மங்கியதில் ஆரம்பித்து, கால் தளர்ந்தது, விழுந்தது, மறுபடி கொஞ்சம் தேறியது என்று வருஷக்கணக்கில் எழுதி வைத்தார். 1848ல் இறந்தார். அப்போது இந்த நோய்க்குப் பெயரே கிடையாது. அந்த டைரியைப் படித்துத்தான் பின்னால் வந்த டாக்டர்கள் 'இது எம்.எஸ்.' என்றார்கள்.

நோயைத் தனியாகப் பிரித்து விவரித்து நிலைநாட்டியவர் பாரிஸ் சால்பெட்ரியே ஆஸ்பத்திரியின் ஷார்கோ, 1868ல். அதே ஆஸ்பத்திரி ஹிஸ்டீரியா ஆராய்ச்சிக்கும் பேர்போனது. அங்கே நோயாளிகளைப் படம் பிடிக்க ஒரு தனிப் பிரிவே நடந்தது. பெண்ணுக்குக் கால் வரவில்லை என்றால் அது நரம்பா, மனசா என்ற கேள்வி அன்றைக்கே அங்கே இருந்தது. மாமியார் கேட்டதும் அதையேதான், கொஞ்சம் மோசமான பாஷையில்!

குதிரையிலிருந்து மனுஷனுக்கு

ஓடும் குதிரையின் நாலு காலும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழும்புமா? இதற்கு விடை தேடி 1878ல் கலிஃபோர்னியாவில் மைப்ரிட்ஜ் என்பவர் வரிசையாகக் கேமராக்களை வைத்துப் படம் எடுத்த கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். எழும்பும் என்பது விடை. கண்ணுக்குத் தப்பியது கேமராவுக்குத் தப்பவில்லை.

அதற்கடுத்து அவர் செய்தது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 1880களில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் வேலை செய்தபோது, ஃபிரான்சிஸ் டெர்கம் என்கிற நரம்பியல் டாக்டர், நடை கெட்டுப்போன நோயாளிகளைப் படம் எடுக்க அழைத்து வந்தார். 1887ல் வெளியான 781 படத் தகடுகளில் அவர்களும் இருக்கிறார்கள். பெரும்பாலும் உடம்பில் துணி இல்லாமல். தலைப்பில் நோயின் பெயர் இருக்கும், 'நடக்கிறார்' என்று இருக்கும். ஆளின் பெயர் இருக்காது.

பாரிஸில் மாரே வேறு வழி பிடித்தார். 1882ல் துப்பாக்கி மாதிரியே ஒரு கேமரா செய்தார். விநாடிக்கு 12 படம். பிறகு ஆளுக்குத் தலைமுதல் கால்வரை கறுப்பு உடை மாட்டி, கை கால் நெடுக வெள்ளைக் கோடு போட்டு, கறுப்புச் சுவர் முன்னால் நடக்கவிட்டார். படத்தில் ஆள் காணாமல் போய்விடுவார், கோடுகள் மட்டும் நடந்து போகும். இன்றைக்கு சினிமாவில் நடிகர் உடம்பில் புள்ளி புள்ளியாக ஒட்டி மோஷன் கேப்சர் செய்கிறார்களே, அதற்கு கொள்ளுத் தாத்தா இவர்தான். ஜெர்மனியின் லைப்ஜிக்கில் பிரவுனும் ஃபிஷரும் 1891ல் ஆள் உடம்பில் மெல்லிய ஒளிக்குழாய்களைக் கட்டி இருட்டில் நடக்கவிட்டுப் படம் பிடித்தார்கள். எடுத்தது சில எட்டுகள். கணக்குப் போட்டு முடிக்க வருஷக்கணக்கு ஆனது.

லூமியர் சகோதரர்களின் சினிமா 1895ல் வந்தது. மூணே வருஷத்தில், 1898ல், ருமேனியாவின் புகாரெஸ்டில் மரினெஸ்கு என்ற நரம்பியல் டாக்டர் பக்கவாத நோயாளிகள் நடப்பதைப் படச்சுருளில் பிடித்துவிட்டார். ஷார்கோவிடம் படித்தவர். 1901 வரை வேறு வேறு நடைக் கோளாறுகளைத் தொடர்ந்து எடுத்து, படச்சுருளின் கட்டங்களை வரிசையாக வைத்து மருத்துவக் கட்டுரைகளில் வெளியிட்டார். நம்ம சாமிக்கண்ணு வின்சென்ட் 1905ல் புரொஜக்டர் வாங்கி ஊர் ஊராகப் படம் காட்டக் கிளம்புவதற்கு முன்னாலேயே, சினிமா நோயாளியின் காலைப் படித்துக்கொண்டிருந்தது. 

கேமரா இருந்தும் எண் வேணும்

இவ்வளவு இருந்தும் தினசரி வைத்தியத்தில் கேமரா வரவில்லை. ஃபிலிம் விலை, கழுவும் செலவு, கணக்குப் போடும் நேரம். டாக்டருக்கு உடனடியாக ஒரு எண் தேவைப்பட்டது.

அமெரிக்க டாக்டர் ஜான் கர்ட்ஸ்கே அதைக் கொடுத்தார். காசநோய்க்குக் கொடுக்கிற ஐசோநயாசிட் மாத்திரை எம்.எஸ்.க்கு உதவுமா என்ற ஆராய்ச்சியில் இருந்தவர். மாத்திரை உதவவில்லை. ஆனால் உதவுகிறதா இல்லையா என்று பார்க்கச் செய்த அளவுகோல் நிலைத்துவிட்டது. 1955ல் முதல் வடிவம், 1983ல் விரிவாக்கம். 0 என்றால் பரிசோதனையில் ஒன்றும் இல்லை, 10 என்றால் மரணம். நடுவில் 4க்கு மேல் போனால் கிட்டத்தட்ட எல்லாமே நடைதான். உதவியில்லாமல், உட்காராமல் 500 மீட்டர் நடந்தால் 4. 300 மீட்டர் என்றால் 4.5. 200 என்றால் 5. 100 என்றால் 5.5. 100 மீட்டருக்கு ஒரு கைத்தடி வேணும் என்றால் 6. ரெண்டு தடி ஊன்றி 20 மீட்டர்தான் என்றால் 6.5. 

அளவுகோல் நல்லதுதான். ஆனால் எந்த ஓ.பி.யில் 500 மீட்டர் நடக்கவைத்துப் பார்க்க நேரம் இருக்கிறது? "எவ்ளோ தூரம் நடப்பீங்க?" என்று கேட்டு எழுதிக்கொள்வதும் உண்டு. அக்காவைக் கேட்டால், "பஸ் ஸ்டாண்டுலேர்ந்து எங்க தெரு முக்கு வரைக்கும்" என்று சொல்லும். அது எத்தனை மீட்டர்? எந்த மாசத்தில்?

1999ல் இன்னொரு முறை வந்தது. 25 அடி, அதாவது 7.62 மீட்டர், பத்திரமாக எவ்வளவு வேகமாக முடியுமோ அவ்வளவு வேகமாக நடக்கணும். ஸ்டாப்வாட்ச்சில் நேரம். ரெண்டு தடவை நடந்து சராசரி. சுலபம், செலவில்லை. இதே 25 அடி நடையை வைத்துத்தான் டால்ஃபாம்ப்ரிடின் என்ற மாத்திரையைச் சோதித்து, 2010 ஜனவரியில் அமெரிக்காவில் அனுமதி கொடுத்தார்கள். எம்.எஸ். நோயாளியின் நடையை மேம்படுத்த என்றே அனுமதி பெற்ற முதல் மருந்து. 

ஆனால் ஸ்டாப்வாட்ச் எவ்வளவு நேரம் என்று சொல்லும், எப்படி என்று சொல்லாது. ஆறு விநாடியில் ரெண்டு பேர் நடந்து முடிக்கலாம். ஒருத்தர் நேராக. இன்னொருத்தர் இடுப்பைத் தூக்கி, காலை வெளிப்பக்கமாக அரைவட்டம் சுழற்றி, சுவரை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே. 

அந்த 'எப்படி'க்குத்தான் வீடியோ. 1980களில் வீடியோ கேமராவும் கேசட்டும் மலிவானபோது, நடையைத் திருப்பித் திருப்பி, மெதுவாக ஓட்டிப் பார்க்க முடிந்தது. உடம்பில் புள்ளி ஒட்டி, பல கேமரா சுற்றி வைத்து, தரையில் அழுத்தம் அளக்கும் தகடு பதித்த நடை ஆய்வுக்கூடங்களும் வந்தன. பெரிய ஊர், பெரிய செலவு.

பிறகு விளையாட்டுச் சாமான் ஒன்று புகுந்தது. 2010ல் மைக்ரோசாஃப்ட் வீடியோ கேம் ஆட விற்ற கைனெக்ட். எதிரே நிற்பவர் உடம்பில் 20 மூட்டுகளை, எதுவும் ஒட்டாமலே, விநாடிக்கு 30 தடவை கண்டுபிடிக்கும். நோவார்ட்டிஸ் மருந்துக் கம்பெனியும் மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சிப் பிரிவும் சேர்ந்து இதை எம்.எஸ். நோயாளிகளின் அசைவை மதிப்பிடப் பயன்படுத்திப் பார்த்தார்கள். பெர்லினிலும் இதை வைத்து நடை வேகத்தை அளந்தார்கள். கைனெக்ட் தயாரிப்பை 2017ல் நிறுத்திவிட்டார்கள். அதே வருஷம் சாதாரண வீடியோவிலிருந்தே மூட்டுகளைக் கண்டுபிடிக்கும் ஓப்பன்போஸ் மென்பொருள் பரவியது. 2020ல் கூகுள் வெளியிட்டது 33 புள்ளிகளை போனிலேயே கண்டுபிடிக்கும். மாரேயின் கறுப்பு உடையும் வெள்ளைக் கோடும் இப்போது மென்பொருளுக்குள் போய்விட்டன.

ஒரே ஒரு சிக்கல். புடவை! முட்டி எங்கே என்று கம்ப்யூட்டர் ஊகிக்கத்தான் முடியும். மைப்ரிட்ஜ் துணியை அவிழ்க்கச் சொன்னார், மாரே இறுக்கமான உடை கொடுத்தார். கீழ்பென்னாத்தூரில் ரெண்டும் நடக்காது.

நாற்பது விநாடி

2012 மே. சென்னையில் ஒரு நரம்பு டாக்டரைப் பார்க்க நாள் வாங்கியிருந்தது. போவதற்கு ரெண்டு நாள் முன்னாடி அக்காவே மாமாவிடம் சொன்னது: "அங்க போனா நான் நல்லாத்தான் நடப்பேன். மறுபடியும் பைத்தியம்னு சொல்லி அனுப்புவாங்க. போனை எடுத்துக்கினு வாங்க, இப்பவே எடுங்க."

பகல் ரெண்டு மணி. தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. அக்கா புடவையைக் கணுக்காலுக்கு மேல் ஒரு சாண் தூக்கிச் செருகிக்கொண்டது. மாமியார் திண்ணையிலிருந்து, "இன்னாடி இது கூத்து, நடுத்தெருவுல!" என்று கத்துவதும் அதில் பதிவாகியிருக்கிறது. அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. மொத்தம் நாற்பது விநாடி. முதல் பத்து எட்டு ஒன்றும் தெரியாது. அப்புறம் வலது செருப்பின் முனை தரையைத் தேய்க்கும் சத்தம். பிறகு கால் பின்னி, மின்கம்பத்தைப் பிடித்து நிற்கும்.

நல்லா நடக்கிறவர்களுக்கே கால் முன்னால் வீசும்போது விரல் நுனிக்கும் தரைக்கும் நடுவே இடைவெளி ஒன்றிரண்டு சென்டிமீட்டர்தான். அது கொஞ்சம் குறைந்தாலும் தேயும். வீட்டுக்கு வந்து பார்த்தால் அக்காவின் வலது செருப்பு மட்டும் முனையில் தேய்ந்து ஓட்டையாகிக் கிடந்தது. ரெண்டு வருஷமாக வாசலிலேயே கிடந்த சாட்சி, நாங்கள் யாரும் குனிந்து பார்க்கவில்லை.

சென்னை டாக்டர் வீடியோவை மூணு தடவை பார்த்தார். "இதுக்கு முன்னாடி இவங்க எப்படி நடப்பாங்க?" என்று கேட்டார். ஒரு நிமிஷம் முழித்தோம். நடையை எப்படிச் சொல்வது? அப்போதுதான் மாமாவுக்குக் கல்யாண சிடி ஞாபகம் வந்தது. அடுத்த தடவை போகும்போது எடுத்துப் போனோம். 2003, மணவறையைச் சுற்றி மூணு சுற்று, மாமா விரலைப் பிடித்தபடி அக்கா. கூரைப்புடவை, கொலுசு, நேரான நடை. டாக்டர் சிரித்துக்கொண்டே, "நம்ம ஊர்ல எல்லார்கிட்டயும் ஒரு பழைய நடை பத்திரமா இருக்கு பாருங்க" என்றார்.

அப்புறம் எம்.ஆர்.ஐ., முதுகுத் தண்டு நீர்ப் பரிசோதனை எல்லாம் எடுத்துத்தான் எம்.எஸ். என்று உறுதியானது. வீடியோ நோயைக் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் தேடவேண்டிய காரணம் இருக்கிறது என்று நம்ப வைத்தது. அதற்குத்தான் நாங்கள் ரெண்டு வருஷம் அலைந்தோம்.

1995 ஊனமுற்றோர் சட்டத்தில் இருந்தது ஏழே வகை, எம்.எஸ். பெயர் இல்லை. 2016 சட்டத்தில் வகைகள் 21 ஆனபோது எம்.எஸ். பெயர் போட்டே சேர்ந்தது. அக்கா இப்போது வெயில் காலத்தில் தடி வைத்துக்கொண்டு நடக்கும், ஈரத்துண்டு கழுத்தில். வருஷா வருஷம் மே மாசம் அதே தெருவில் அதே மின்கம்பம் வரை ஒரு வீடியோ. போன வருஷத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க டாக்டர் கேட்கிறார்.

இந்த 150 வருஷக் கதையைப் படிக்கப் படிக்க எனக்குப் பட்டது இதுதான். மைப்ரிட்ஜ் முன்னால் நடந்தவர்கள் எப்போது நடப்பது, எதை அவிழ்ப்பது, யார் பார்ப்பது என்று எதையும் தீர்மானித்திருக்க மாட்டார்கள். கேமரா டாக்டர் பக்கம் இருந்தது. எங்கள் தெருவில் எந்த நேரம் எடுக்கணும், புடவையை எவ்வளவு தூக்கணும் என்று அக்கா சொன்னது. கருவி எல்லாம் போகப்போக மலிவாகும், இன்னும் நுணுக்கமாகும். நோயாளி நடக்கிற இடத்துக்கும் நேரத்துக்கும் கேமரா போனதுதான் எனக்குப் பெரிய மாற்றமாகத் தெரிகிறது.

வீடியோவை அக்காவிடம் கேட்டேன், இங்கே போடலாமா என்று. "டாக்டருக்குத்தான்டா எடுத்தது, ஊருக்கா எடுத்தேன்?" என்றது. அதனால் படம் இல்லாத பதிவு. மன்னிக்கவும்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. ஆனால் உங்கள் வீட்டில் யாராவது "டாக்டர்கிட்ட போனா மட்டும் சரியாயிடுது" என்று சொன்னால், சிரிக்காதீர்கள். அவர்களைக் கேட்டுக்கொண்டு போனை எடுங்கள். பாதம் தெரிகிற மாதிரி, முன்னாலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. வாசலில் கிடக்கிற செருப்பையும் ஒரு தடவை திருப்பிப் பாருங்கள்.